யாருக்கு எந்த பீட்?

பெண் நிருபர்களுக்கென்று தனியான செய்திப் பார்வை உண்டு என்ற நம்பிக்கை பத்திரிகை உலகில் வெகுகாலமாக இருந்துவருகிறது. சிலர் இதைப் பாராட்டாகச் சொல்வார்கள்: பெண்கள் எழுதினால் ஈரம் இருக்கும், எளிய மனிதர்களின் கதைகள் வெளியே வரும். சிலர் கையை விரிப்பதற்காகச் சொல்வார்கள்: அரசியலும் கிரைமும் அவர்களுக்குச் சரிப்பட்டு வராது, விடாப்பிடியாக நின்று கேள்வி கேட்கும் சுபாவம் அவர்களுக்கு இல்லை. பாராட்டும் மறுப்பும் காலைச் செய்திக் கூட்டத்தில் ஒரே முடிவில் வந்து சேர்கின்றன. நிருபர்களுக்குப் பிரித்துத் தரும் ‘பீட்’ எனும் செய்தித் துறைகளில் பள்ளிக் கல்வி, மருத்துவம், ஆன்மிகம், புத்தக வெளியீடு ஆகியவை ஒரு பக்கம் போகின்றன. தலைமைச் செயலகம், கட்சி அலுவலகங்கள், காவல் ஆணையர் அலுவலகம் ஆகியவை மறுபக்கம் போகின்றன. எந்தப் பக்கம் யாருக்கு என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்று முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். தாமஸ் ஹானிட்ஸ், ஃபோல்கர் ஹானுஷ் என்ற இரு இதழியல் ஆய்வாளர்கள் 18 நாடுகளைச் சேர்ந்த 1,800 பத்திரிகையாளர்களின் பதில்களை வைத்து 2012-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்கா, ஜெர்மனி தொடங்கி பிரேசில், இந்தோனேசியா, உகாண்டா வரை அதில் இருந்தன, இந்தியா இல்லை. அதிகாரத்தில் இருப்பவர்களைக் கண்காணிப்பது எவ்வளவு முக்கியம், நிருபர் தன் கருத்தைச் செய்தியில் கலக்கலாமா, நல்ல நோக்கத்துக்காக நெறியைத் தளர்த்தலாமா என்கிற ரீதியில் தொழிலின் அடிப்படைகளைப் பற்றியே அந்த ஆய்வு பேசியது. பொருட்படுத்தத் தக்க வேறுபாடு எதுவும் ஆண்களின் பதிலுக்கும் பெண்களின் பதிலுக்கும் இடையே தென்படவில்லை. பெண்கள் அதிகமாக இருக்கும் செய்தி நிறுவனங்களைத் தனியே பிரித்துப் பார்த்தும், பெண்களின் நிலை மேம்பட்ட நாடுகளைத் தனியே எடுத்துப் பார்த்தும் அதே முடிவுதான் கிடைத்தது.

இதற்குப் பெண்ணியச் சிந்தனையாளர்கள் பக்கத்திலிருந்து வலுவான மறுமொழி ஒன்று உண்டு. ஆண்கள் வகுத்த விதிகளுக்குள் பெண்கள் நுழைகிறார்கள். எது செய்தி, எது முதல் பக்கம் என்பதை ஏற்கெனவே இருப்பவர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள். பிழைத்திருக்க வேண்டுமானால் அதையே திருப்பிச் சொல்லியாக வேண்டும். ஆகவே, ஒரே பதில் வருகிறது என்றால் தொழில் அவர்களைப் பழக்கிவிட்டது என்றுதான் பொருள் என்பது அவர்களுடைய வாதம். இதில் உண்மை இருக்கிறது. டெஸ்க்கில் நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கு, புதிதாக வரும் சப் எடிட்டர் ஆறே மாதத்தில் எப்படி மாறிப்போகிறார் என்பது தெரியும். ஆனால், இந்தப் பழக்கம் ஆணையும் விட்டுவைப்பதில்லை. அவரும் அதே ஆறு மாதத்தில்தான் மாறுகிறார். பழகிய பின் இருவரும் ஒரே மாதிரிதான் சிந்திக்கிறார்கள் என்றால், ஒருவருக்குக் கோட்டையும் இன்னொருவருக்குக் கோயில் திருவிழாவும் தருவதற்கு என்ன நியாயம்?

நம் நாட்டு வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1933-இல் ‘குடி அரசு’ இதழில் வந்த ஒரு தலையங்கத்துக்காக ஆங்கிலேய அரசு பெரியாரைக் கைது செய்தபோது, இதழின் வெளியீட்டாளர் என்ற முறையில் அவருடைய தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார். 1965-இல் இந்தியா - பாகிஸ்தான் போர் நடந்தபோது, ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ நிருபர் பிரபா தத் களத்துக்குப் போக அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு பஞ்சாபின் கேம்கரண் பகுதிக்குப் போய், அங்கிருந்து செய்திகளை அனுப்பினார். மரண தண்டனைக் கைதிகளான பில்லாவையும் ரங்காவையும் சிறையில் பேட்டி காண அனுமதி கோரி 1981-இல் உச்ச நீதிமன்றப் படியேறியவரும் இதே பிரபா தத்தான். கைதிகள் சம்மதித்தால் பத்திரிகையாளர்கள் சந்திக்கலாம் என்று அந்த வழக்கில் நீதிமன்றம் சொன்னது. சிறைச் செய்தி எழுதும் நிருபர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், அந்தத் தீர்ப்பை முன்மாதிரியாகக் காட்ட முடியும். கிரைம் பெண்களுக்குச் சரிப்பட்டு வராது என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அதற்கு அடுத்த ஆண்டு இன்னொரு பெண் பத்திரிகையாளர், ஷீலா பார்ஸே, பம்பாய் மத்தியச் சிறையில் 15 பெண் கைதிகளைச் சந்தித்தார். அவர்களில் 5 பேர், காவல் நிலைய லாக்கப்பில் தங்களைப் போலீஸார் தாக்கியதாகச் சொன்னார்கள். அவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1983-இல் தீர்ப்பு வந்தது. பெண் கைதிகளைத் தனி லாக்கப்பில் வைக்க வேண்டும், பெண் காவலர்களே காவல் இருக்க வேண்டும், கைது செய்தவுடன் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற நெறிமுறைகள் அதில்தான் வகுக்கப்பட்டன. ஓர் ஆண் நிருபரிடம் அந்த 5 பெண்களும் வாய் திறந்திருப்பார்களா என்பது சந்தேகமே. பெண் நிருபர்கள் வேறு செய்திகளைக் கொண்டுவருகிறார்கள் என்பதற்கு இதை உதாரணமாகக் காட்டுவார்கள். நானும் காட்டுவேன். ஆனால், ஷீலா பார்ஸே செய்தது அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் பழைய, அசலான பத்திரிகை வேலை. கைதிகள் அவரை நம்பிப் பேசினார்கள். அந்த நம்பிக்கையை அவர் தொழிலுக்குப் பயன்படுத்தினார். மறுபுறம், கிராமப்புறப் பெண்களின் கண்ணுக்குத் தெரியாத உழைப்பை மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் படமெடுத்துக் கண்காட்சி வைத்த பி.சாய்நாத் ஓர் ஆண். கவனம் என்பது பிறப்பால் வருவதென்றால் அவரை எங்கே வைப்பது?

அப்படியானால் ஆண் பத்திரிகையாளரும் பெண் பத்திரிகையாளரும் தங்கள் தொழிலை ஒன்றுபோலவே பார்க்கிறார்களா? தொழில் எதற்காக என்று கேட்டால் ஒன்றுபோலத்தான் சொல்கிறார்கள். இந்தத் தொழில் உன்னை எப்படி நடத்துகிறது, இதில் எவ்வளவு தூரம் போக முடியும், இன்னும் எத்தனை ஆண்டு இருப்பாய் என்று கேட்டுப்பாருங்கள். பதில் அங்கேதான் இரண்டாகப் பிரியும்.

நிருபர் வேலையின் உயிர் சோர்ஸ், அதாவது தகவல் தரும் ஆட்கள். சோர்ஸ் வளர்ப்பது எப்படி என்று எந்த இதழியல் வகுப்பும் சொல்லித்தராது. ராத்திரி பத்து மணிக்குக் காவல் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நின்று, இன்ஸ்பெக்டரோடு ஒரு டீ. கட்சிக்காரரோடு காரில் பக்கத்து மாவட்டம் வரை ஒரு பயணம். தேர்தல் நேரத்தில் லாட்ஜ் அறையில் விடிய விடியப் பேச்சு. ஆண் நிருபர் இதையெல்லாம் செய்தால் கெட்டிக்காரர், ஓடியாடி வேலை பார்ப்பவர். அதே இன்ஸ்பெக்டருக்குப் பெண் நிருபர் பத்து மணிக்கு போன் செய்தால், மறுநாள் காவல் நிலையத்திலும் பிரஸ் கிளப்பிலும் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அவர் நல்ல செய்தி ஒன்றைக் கொண்டுவந்தால், அது எப்படிக் கிடைத்தது என்ற கிசுகிசு செய்திக்கு முன்னே ஓடும். இதற்கெல்லாம் பயந்து பகல் நேரத்தில், அலுவலக அறையில், உதவியாளர் கூட இருக்கும்போது மட்டுமே சோர்ஸைச் சந்திக்கும் பெண் நிருபர்கள் நிறையப் பேர். அந்த அறையில் எந்த அதிகாரியும் உண்மையைப் பேச மாட்டார். ஆண்டுக் கடைசியில் அவருடைய பைலைன் எண்ணிக்கை குறைவாக இருக்கும். அரசியல் பீட் அவருக்குச் சரிவரவில்லை என்று சொல்ல அதுவே போதும்.

களத்தில் நிற்பதும் அப்படித்தான். 2016-இல் முதல்வர் ஜெயலலிதா சிகிச்சையில் இருந்த 75 நாட்களும் சென்னை கிரீம்ஸ் சாலையில் மைக்குகளும் கேமராக்களும் வரிசைகட்டி நின்றதை மக்கள் டிவியில் பார்த்தார்கள். இப்படி நாள்கணக்கில் தெருவில் நிற்கும் அசைன்மென்ட்டுகள் இந்தத் தொழிலில் புதிதல்ல. வெள்ளம், போராட்டம், சிறை வாசல், தலைவர் வீட்டு வாசல் என்று வந்துகொண்டே இருக்கும். ஆண் நிருபருக்கு ஒரு சந்து போதும். பெண் நிருபர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கிறார். சிறுநீர்த் தொற்றோடு லைவ் பேசுகிறார். மாதவிடாய் நாட்களில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, முன்பின் தெரியாதவர்களிடம் கழிப்பறை கேட்கிறார். லட்சக்கணக்கில் செலவு செய்து ஓபி வேன் அனுப்பும் நிர்வாகம் இதைப் பற்றி யோசிப்பதில்லை. நம் ஊடகங்கள் அரசுப் பள்ளியில் கழிப்பறை இல்லை என்று படத்தோடு செய்தி போடுகின்றன. அந்தப் படத்தை எடுக்கப் போன பெண்ணின் நிலையைக் கேட்க அங்கே ஆளில்லை.

2018 ஏப்ரலில் சென்னை ராஜ்பவனில் நடந்ததைப் பலர் மறந்திருப்பார்கள். அருப்புக்கோட்டை கல்லூரிப் பேராசிரியை ஒருவர் தொடர்பான பாலியல் புகார் விவகாரத்தில் தன் பெயரும் அடிபட்டதால், ஆளுநர் பன்வாரிலால் புரோகித் பத்திரிகையாளர்களை அழைத்து விளக்கம் தந்தார். சந்திப்பு முடியும் தறுவாயில் ஒரு பெண் பத்திரிகையாளர் கேள்வி எழுப்பினார். ஆளுநர் பதில் சொல்லவில்லை; அந்தப் பெண்ணின் கன்னத்தில் தட்டினார். கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். நல்ல கேள்வி என்று பாராட்டும் விதமாக, தன் பேத்தியைப் போல நினைத்துத் தட்டியதாக அதில் விளக்கம் இருந்தது. கடிதத்தில் வருத்தம் தெரிவித்தார் என்பதை மறுக்கவில்லை. ஆனால், ஒரு நல்ல கேள்விக்கு உரிய மரியாதை பதில்தான். அந்த அறையில் கேள்வி கேட்ட ஆண்களில் யாரையும் அவர் பேரனாக நினைத்துக் கன்னத்தைத் தட்டவில்லை. பாலியல் தொந்தரவு என்று சொல்லப்பட்ட ஒரு விவகாரம் பற்றிய பத்திரிகையாளர் சந்திப்பில் இது நடந்தது என்பது இன்னும் கசக்கிறது.

அடுத்த சில நாட்களிலேயே, பெண் பத்திரிகையாளர்கள் எப்படி வேலை பெறுகிறார்கள் என்று கேவலமாகப் பேசும் ஒரு பதிவை நடிகர் எஸ்.வி.சேகர் ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார். வழக்கு நடந்தது. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. தீர்ப்பு வந்தது நல்லதே. ஆனால், அந்தப் பதிவைப் படித்த பெற்றோர் எத்தனை பேர் தங்கள் மகளிடம் விஸ்காம் படித்தது போதும், டிவி வேலை வேண்டாம் என்று சொன்னார்களோ, அதை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தராது.

அதே 2018 அக்டோபரில்தான், மத்திய இணையமைச்சராக இருந்த எம்.ஜே.அக்பர் மீது அவரோடு பத்திரிகைகளில் பணியாற்றிய பெண் பத்திரிகையாளர்கள் அடுத்தடுத்து பாலியல் தொந்தரவுப் புகார் சொன்னார்கள். அவர் பதவி விலகினார். முதலில் பேசியவர்களில் ஒருவரான ப்ரியா ரமணி மீது குற்றவியல் அவதூறு வழக்கும் தொடுத்தார். 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. பல ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றும், ஒருவருடைய நற்பெயரைக் காப்பதற்காக ஒரு பெண்ணின் கண்ணியத்தை விலையாகக் கேட்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. குற்றம் சாட்டியவர்கள் எல்லோரும் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவர்கள், ஊரார் குறைகளை அச்சில் ஏற்றுபவர்கள். தங்கள் குறையைச் சொல்ல அவர்களுக்கே பத்து, இருபது ஆண்டுகள் ஆயின.

இணையம் வந்தபின் மிரட்டல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. யுனெஸ்கோவும் சர்வதேச பத்திரிகையாளர் மையமும் 2020-இல் நடத்திய ஆய்வில், பதில் சொன்ன பெண் பத்திரிகையாளர்களில் 73% பேர் இணையவழி வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். 30% பேர் சமூக ஊடகத்தில் தாங்களே தங்களைத் தணிக்கை செய்துகொள்வதாகச் சொன்னார்கள். ஆண் பத்திரிகையாளரையும் இணையத்தில் திட்டுகிறார்கள். விலைபோனவர், கட்சிக்காரர், முட்டாள் என்பார்கள். பெண் என்றால் அவருடைய உடல், நடத்தை, பிள்ளைகள் வரை இழுப்பார்கள். முகத்தை வெட்டி ஆபாசப் படத்தில் ஒட்டுவார்கள். மறுநாள் காலை அவர் ஒரு செய்தியைக் கையில் எடுக்கும்போது, இது உண்மையா, முக்கியமா என்ற இரண்டு கேள்வியோடு மூன்றாவதாக ஒன்றும் வருகிறது: இதை எழுதினால் இந்த வாரம் என் வீட்டில் என்ன நடக்கும்? பெரும்பாலான ஆண் பத்திரிகையாளர்கள் தம் வாழ்நாளில் அந்த மூன்றாவது கேள்வியைச் சந்திப்பதே இல்லை. இருவரும் தொழிலைப் பார்ப்பதில் உள்ள வேறுபாடு இதுதான் என்பது என் முடிவு.

பெண்கள் வேலைக்கு வருவது கூடிவிட்டதே, காலப்போக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு மையம் ஐந்து கண்டங்களில் 12 நாடுகள், பிராந்தியங்களைச் சேர்ந்த 240 முன்னணிச் செய்தி நிறுவனங்களை 2024-இல் ஆராய்ந்தது. அங்கெல்லாம் பத்திரிகையாளர்களில் சராசரியாக 40% பேர் பெண்கள். தலைமை ஆசிரியர்களில் 24% மட்டுமே. உலகச் செய்திகளில் இடம்பெறும் மனிதர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் உலக ஊடகக் கண்காணிப்புத் திட்டம் 1995-இல் 17% என்று கண்டது. 2020-இல் அது 25%. கால் நூற்றாண்டில் எட்டுப் புள்ளி. தானாகச் சரியாகும் என்று காத்திருந்தால் நம் பேத்திகளும் காத்திருப்பார்கள்.

கேட்டால்தான் மாறியிருக்கிறது. அமெரிக்காவின் ‘நியூஸ்வீக்’ இதழில் ஒருகாலத்தில் பெண்கள் தகவல் திரட்டித் தருவார்கள், ஆண்கள் கட்டுரை எழுதுவார்கள். ஒரே கல்லூரியில் ஒரே பட்டம் வாங்கியவர்களுக்கு இடையே நடந்த வேலைப் பிரிவினை இது. 1970 மார்ச் 16 அன்று அந்த இதழ் பெண் விடுதலை இயக்கம் பற்றிய அட்டைப்படக் கட்டுரையோடு கடைக்கு வந்தது. அன்றைக்கே அங்கு பணியாற்றிய 46 பெண்கள் தங்கள் நிறுவனத்தின் மீது பாகுபாட்டுப் புகார் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அங்கே பெண்கள் கணிசமாக எழுத்தாளர்கள் ஆனார்கள். 2018 ஜனவரியில் பிபிசியின் சீனச் செய்தி ஆசிரியர் கேரி கிரேஸி, ஒத்த பதவியில் உள்ள ஆண்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று அறிந்து அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். பிபிசி மன்னிப்புக் கேட்டு நிலுவைத் தொகையைத் தந்தது. அவர் அதை அப்படியே பெண்கள் சமத்துவத்துக்காகப் பாடுபடும் அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்.

பெண்கள் என்று ஒட்டுமொத்தமாகப் பேசும்போது ஒன்றை மறைத்துவிடுகிறோம். சென்னையில் ஆங்கில ஊடகத்தில் வேலை பார்க்கும் பெண்ணின் நிலையும், தாலுகா நிருபராக வர ஆசைப்படும் ஒரு தலித் பெண்ணின் நிலையும் ஒன்றல்ல. 2019-இல் ஆக்ஸ்ஃபாம் இந்தியாவும் நியூஸ்லாண்டரியும் வெளியிட்ட ஆய்வு, இந்திய ஊடகங்களின் 121 தலைமைப் பொறுப்புகளில் 106 உயர் சாதியினர் வசம் இருப்பதைக் காட்டியது. பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ ஒருவர்கூட இல்லை. இப்படிப்பட்ட ஊடகச் சூழலில்தான், அந்த ஆய்வுக்குப் பல ஆண்டுகள் முன்பே, உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூட் மாவட்டத்தில் 2002-இல் ‘கபர் லஹரியா’ தொடங்கியது. தலித், கிராமப்புறப் பெண்கள் சேர்ந்து நடத்தும் செய்தி ஊடகம் அது. அவர்கள் சமையல் குறிப்பு எழுதவில்லை. சட்டவிரோதக் குவாரி, போடாத சாலை, வழக்குப் பதிய மறுக்கும் காவல் நிலையம் ஆகியவற்றை எழுதினார்கள். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022-இல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தங்களுக்கு பீட் பிரித்துக் கொடுக்க மேலே ஆண் யாரும் இல்லாத இடத்தில் பெண்கள் எந்தச் செய்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆண்களுக்கு இதில் நஷ்டம் இல்லை என்று நினைக்க வேண்டாம். குழந்தைக்குக் காய்ச்சல், சீக்கிரம் போக வேண்டும் என்று இரவு ஷிப்டில் ஓர் ஆண் சொன்னால் என்ன பேச்சு கிளம்பும் என்று நியூஸ்ரூமில் இருப்பவர்களுக்குத் தெரியும். குடும்பம் என்ற ஒன்று இல்லாதவர்போல் நடந்துகொள்பவரே நல்ல நிருபர் என்ற எண்ணம் இரு பாலரையும் வாட்டுகிறது. அந்த வேடத்தை ஆணால் போட முடிகிறது, வீட்டில் வேறொருவர் அவருக்காக உழைப்பதால்.

பத்திரிகை நிர்வாகங்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை. பீட்டுகளைச் சுழற்சியில் கொடுங்கள். அரசியல், கிரைம், நீதிமன்றம் என்று எழுத வந்த ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டாவது அங்கே இருந்து பார்க்கட்டும். ஆண்களும் பெண்கள் நலத் துறைக்குப் போய் எழுதட்டும். நாள் முழுக்கத் தெருவில் நிற்கும் அசைன்மென்ட் என்றால் பக்கத்தில் ஓர் அறையை வாடகைக்கு எடுங்கள். இணையத்தில் மிரட்டல் வந்தால், அந்தப் பெண் தனியாக சைபர் கிரைம் அலுவலகத்துக்கு அலையக் கூடாது; நிறுவனத்தின் பெயரில் புகார் போக வேண்டும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த அலுவலகத்திலும் உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். வேலை நிமித்தமாகப் போகும் எந்த இடமும், நிறுவனம் அதற்காகத் தரும் வாகனமும்கூடப் பணியிடம்தான் என்றும் அதே சட்டம் சொல்கிறது. பத்திரிகையாளர் சந்திப்பு நடக்கும் அரங்கும் அதில் அடக்கம். சிறு அலுவலகங்களில் இருப்பவர்கள் மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்ப் புகார்க் குழுவை அணுகலாம். மாவட்டங்களில் பகுதிநேர நிருபராக இருக்கும் பெண்களில் பலருக்கு இது தெரியாது. யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

அரசுத் துறைகளிடம் ஆண்டுதோறும் கணக்குக் கேட்பது நம் தொழில். அதே கணக்கை ஒவ்வொரு பத்திரிகையும் தொலைக்காட்சியும் ஆண்டுக்கு ஒருமுறை தன் வாசகர்களுக்கு வெளியிடட்டும்: எத்தனை பெண்கள், எந்தெந்த பீட்டில், எந்தப் பதவியில், என்ன சம்பளத்தில், எத்தனை பேர் இந்த ஆண்டு வேலையை விட்டுப் போனார்கள். முதலில் எந்தத் தமிழ் நாளிதழ் இதை வெளியிடப்போகிறது என்று வாசகர்களாகிய நீங்கள் அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள்.